பெட்டியை ஒட்டும் முன்னால் ஒரு போன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் பிள்ளைகள் இருவரும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவர்கள் சின்ன வயதில் படித்த நூற்றைம்பது புத்தகங்கள் வீட்டில் இருக்கின்றன, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். டித்வா புயலில் இலங்கை மலையகம் பட்ட பாட்டைப் பார்த்ததிலிருந்து அங்குள்ள பிள்ளைகளுக்கு இவற்றை அனுப்ப வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. எப்படி அனுப்புவது?
– வாசகி, திருச்சி

பதில்: அனுப்புங்கள் அம்மா, ஆனால் பெட்டியை இன்னும் ஒட்டிவிடாதீர்கள். முதலில் அங்கே ஒரு ஆளைப் பிடியுங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையின் அதிபரோ (தலைமை ஆசிரியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்), ஒரு ஆசிரியரோ, வாசிகசாலை நடத்தும் இளைஞர்களோ யாராவது ஒருவர் போனில் கிடைத்தால் போதும். "உங்களிடம் எந்த வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், என்ன படிப்பார்கள், புத்தகம் வைக்க நனையாத இடம் இருக்கிறதா" என்று கேளுங்கள். மலைப்பிரதேசத்துக் கூரை ஒழுகினால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் பூசணம் பிடித்துவிடும், அதனால் சில நேரம் நூறு புத்தகத்தைவிட ஒரு இரும்பு அலமாரிதான் அங்கே அதிகம் தேவைப்படும்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்பு நண்பர்கள் சேர்ந்து பன்னிரண்டு பெட்டி சேகரித்தோம், யாரையும் கேட்கவில்லை, ஆர்வம்தான். அனுப்பிய பிறகு அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் மிகத் தயங்கி, மனசு நோகாமல் எழுதினார்: பாதிக்கு மேல் போட்டித் தேர்வு கைடுகள், தமிழ்நாட்டுப் பாடநூல்கள், பழைய டைரிகள்கூட இருந்தனவாம். இலங்கையில் பாடத்திட்டமே வேறு, பள்ளிப் பாடநூலை அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. அந்தப் பெட்டிகளைப் பிரித்துத் தரம் பார்க்க அவர்களுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

உங்களிடம் இருக்கும் தமிழ்ப் புத்தகங்கள் நல்ல புத்தகங்களாகத்தான் இருக்கும், நம்புகிறேன். மலையகப் பிள்ளைகளின் முன்னோர்கள் உங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்தும் மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் தேயிலைக்கும் அதற்கு முன் காப்பிக்கும் கூலிகளாகப் போனவர்கள், 2023இல் அந்தப் பயணத்தின் 200ஆவது வருஷத்தை அனுசரித்தார்கள். பேச்சு நமக்கு மிக நெருக்கம், கதை புரியும். ஆனாலும் ஒரு எட்டு வயதுப் பிள்ளைக்கு லயன் வீடும் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) கொழுந்துக் கூடையும் பனியும் இருக்கிற கதை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படிப்பட்ட புத்தகம் அங்கேதான் எழுதப்படும், அங்கேதான் அச்சாகும். ஆகவே தபாலுக்கு ஆகும் செலவை முதலில் விசாரியுங்கள். பல சமயம் புத்தகத்தின் விலையைவிட அது கூடுதலாகிவிடும். அப்படியானால் தமிழில் முப்பது அருமையான புத்தகங்களை மட்டும் பொறுக்கி அனுப்பிவிட்டு, மிச்சப் பணத்தில் அந்த ஆசிரியரையே கொழும்பிலோ கண்டியிலோ வாங்கச் சொல்லலாம். அங்குள்ள எழுத்தாளருக்கும் கடைக்காரருக்கும் ஒரு விற்பனை ஆகும். நாம் இலவசமாகக் கொண்டுபோய்க் குவித்தால் அவர்கள் பிழைப்பில்தான் கை வைக்கிறோம்.

ஆங்கிலப் பாதியை உங்கள் ஊர் அரசுப் பள்ளி நூலகத்திடம் கேட்டுப் பாருங்கள், அங்கேயும் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: பக்கம் கிழிந்த, பிள்ளைகள் கிறுக்கிய புத்தகங்களை அனுப்பலாமா? இல்லாதவர்களுக்கு அதுவும் பெரிசுதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: அனுப்பாதீர்கள். உங்கள் பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதைக் கொடுப்பீர்களா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கம் இல்லாத கதையைப் படிக்கிற பிள்ளைக்கு ஏழைப் பிள்ளை, பணக்காரப் பிள்ளை என்று இல்லை, ஏமாற்றம் ஒன்றுதான். முன்பக்கத்தில் பேர் எழுதியிருந்தால் பரவாயில்லை.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர் நான். ஆப்பிரிக்காவில் ஆங்கிலம் படிக்கிற பிள்ளைகள் நிறைய என்கிறார்கள். அங்கே அனுப்ப வழி உண்டா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: லண்டனில் புக் எய்ட் இன்டர்நேஷனல் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, 1954இல் தொடங்கியது, பல காலமாக ஆப்பிரிக்க நூலகங்களுக்குப் புத்தகம் அனுப்புகிறது. அவர்கள் பதிப்பகங்கள் தருகிற புத்தம் புதிய புத்தகங்களையே அனுப்புகிறார்கள், வீடுகளில் இருக்கிற பழையதை வாங்கி அனுப்புவதில்லை. இத்தனை வருஷ அனுபவத்தில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் இது என்றால் அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

இன்னொரு மனிதரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசை. எத்தியோப்பியாவிலிருந்து அகதியாக அமெரிக்கா போன யோஹன்னஸ் கெப்ரெகியோர்கிஸ் சான் பிரான்சிஸ்கோவில் குழந்தைகள் பிரிவு நூலகராக வேலை பார்த்தார். பல மொழிகளுக்கும் புத்தகம் தேடியபோது தன் தாய்மொழி அம்ஹாரிக்கில் பிள்ளைகளுக்கென்று ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அம்ஹாரிக், ஆங்கிலம் இரண்டிலும் ஒரு வண்ணப் படக்கதையைத் தானே எழுதி வெளியிட்டார். நன்கொடையாகக் கிடைத்த ஆயிரக்கணக்கான ஆங்கிலப் புத்தகங்களோடு ஊர் திரும்பி அடிஸ் அபாபாவில் பிள்ளைகளுக்கு நூலகம் திறந்தார், கழுதை இழுக்கிற வண்டியில் புத்தகம் வைத்துக் கிராமத்துக்கும் கொண்டுபோனார். ஆங்கிலப் புத்தகமும் வேண்டும், சொந்த மொழிப் புத்தகமும் வேண்டும், இரண்டையும் எடுத்துக் கொடுக்க ஊர் மனிதர் ஒருவரும் வேண்டும் என்பதை அவர் வேலையில் பார்க்கலாம். அந்த மூன்றாவது இல்லாமல் கண்டெய்னர் நிறைய அனுப்பினாலும் பிரயோஜனம் குறைவு சார்.

கேள்வி: வீடும் சோறும் இல்லாமல் நிற்கிறவர்களுக்குக் கதைப் புத்தகம் எதற்கு?
– வாசகர், சென்னை

பதில்: சோறு முதலில், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இதே கேள்வி உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியிலும் வந்தது. நாஜிகளுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிய யூதப் பெண் யெல்லா லெப்மன், இடிந்து கிடந்த ஜெர்மனிக்கே திரும்பி வந்து, பிற நாடுகளுக்குக் கடிதம் எழுதினார்: ஜெர்மன் பிள்ளைகளுக்காக உங்கள் சிறந்த குழந்தைப் புத்தகங்களைக் கொடுங்கள் என்று. பெல்ஜியம் முதலில் மறுத்துவிட்டது, இரண்டு தடவை ஜெர்மனி படையெடுத்த நாடு, கோபம் நியாயம்தான். அவர் விடாமல் மறுபடி எழுதினார், பெல்ஜியமும் அனுப்பியது. 1946இல் மியூனிக்கில் அந்தப் புத்தகங்களை வைத்துக் கண்காட்சி நடந்தது, 1949இல் அதுவே சர்வதேச இளைஞர் நூலகமானது, இன்றைக்கும் இருக்கிறது. பசியோடு இருந்த ஊர் அது.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. பணமும் இல்லை, புத்தகமும் இல்லை. ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அங்குள்ள படக்கதைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம், இறக்கி அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். ஒரு கதையைத் தமிழாக்குங்கள். முடித்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உரக்கப் படித்துக் காட்டி, எந்த இடத்தில் முழிக்கிறது என்று பாருங்கள், அந்த வரியைத் திருத்துங்கள். அப்புறம் இலங்கையில் ஒரு தோழி கிடைத்தால் அவளிடமும் கொடுங்கள். நாம் 'காய்கறி' என்பதை அங்கே 'மரக்கறி' என்பார்கள், 'பேசினாள்' என்பது 'கதைத்தாள்' ஆகும். எந்த ஊர்ப் பிள்ளைக்காக எழுதுகிறீர்களோ அந்த ஊர்ச் சொல்லைப் போடுங்கள்.