இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருப்பவர் எந்த எம்.பி.ஏ. படிக்கலாம்?

கேள்வி: பி.காம். முடித்து, கும்பகோணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். ஊர் பாபநாசம் பக்கம். எம்.பி.ஏ. படிக்க ஆசை. மருத்துவமனை நிர்வாகம் எடுப்பதா, நிதி எடுப்பதா? அப்பா மூன்று ஏக்கர் நஞ்சையை அடமானம் வைக்கத் தயாராக இருக்கிறார். வைக்கலாமா?

பதில்: முதலில் நிலம். வைக்காதீர்கள். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. அதற்குள் சொத்து அடமானம் இல்லாமலே வங்கியில் கடன் வாங்க முடியும். அந்தத் தொகைக்குள் அடங்காத கல்லூரி என்றால், மிகப் பெரிய பெயர் உள்ளதாக இருந்தாலொழிய, அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து படிப்பு. உங்களுக்கு நான் சொல்வது நிதிதான். மருத்துவமனை நிர்வாகப் படிப்பில் வார்டு, ஆபரேஷன் தியேட்டர், கொள்முதல், என்.ஏ.பி.எச். தரச் சான்று என்று நடைமுறைதான் அதிகம் வரும். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி படித்துவிட்டு வருபவர்களுக்கு அது பொருத்தம். நீங்கள் மருத்துவமனையை உள்ளே இருந்தே மூன்று வருடம் பார்த்துவிட்டீர்கள். உங்களிடம் இல்லாதது செலவுக் கணக்கும் பணப்புழக்கமும்.

அது ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் இணைந்து, ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை தருகின்றன. ஆனால் மருத்துவமனைக்கு வருவது பேக்கேஜ் தொகை. நோயாளி நான்கு நாள் இருந்தாலும் ஏழு நாள் இருந்தாலும் பெரும்பாலும் அதே பணம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் திட்டம் 1983-லேயே இப்படி நோய் வகைக்கு ஒரு தொகை என்ற முறைக்கு மாறியது. அப்படி மாறினால் ஒரு சிகிச்சைக்குத் தனக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று மருத்துவமனைக்குத் தெரிந்தே ஆக வேண்டும். நம் பக்கத்து நடுத்தர மருத்துவமனைகள் பலவற்றில் அந்தக் கணக்கு யாரிடமும் இல்லை. பில் போடத் தெரிகிறது, அடக்கவிலை தெரியவில்லை.

தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு மதுரையே சாட்சி. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்டுபவர்களின் வருமானத்தை வைத்தே ஏழைகளுக்கு இலவசமாக அறுவை சிகிச்சை செய்தது. வெளிநாட்டு லென்ஸின் விலை தாங்காது என்று 1992-ல் ஆரோலேப் தொடங்கி லென்ஸையே இங்கு தயாரித்தார்கள். கருணையோடு கணக்கும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

இரண்டாவது, வர வேண்டிய பணம். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை நின்றுவிடும். காப்பீட்டுப் பணம் கேட்டு அனுப்பும் க்ளைமும் அப்படித்தான், டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு தேதி தப்பினால் விளக்கம் கேட்டு குவெரி வந்து நிற்கும். மாதம் 10 லட்சத்துக்குக் காப்பீட்டு பில் போடும் மருத்துவமனைக்குப் பணம் மூன்று மாதம் கழித்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எப்போதும் 30 லட்சம் வெளியே நிற்கும். 12 சதவீத வட்டியில் மாதம் 30,000 ரூபாய். மருந்து சப்ளையருக்குப் பாக்கி, நர்சுகளுக்குச் சம்பளத் தாமதம் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அந்த மூன்று மாதத்தை இரண்டாக்கத் தெரிந்தவரை எந்த மருத்துவமனையும் விடாது.

எங்கே படிப்பது? திருச்சி பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.ஐ.எம்., என்.ஐ.டி. இரண்டுக்கும் கேட் (CAT) தேர்வு எழுத வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதினால், கவுன்சிலிங் வழியாக மற்ற கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் இடம் கிடைக்கும். மருத்துவமனை நிர்வாகமே வேண்டும் என்று மனம் சொன்னால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பாருங்கள். அந்தத் துறையில் மதிப்புள்ள இடம். எந்தக் கல்லூரிக்குப் போனாலும், செலவுக் கணக்கியலை யார் நடத்துகிறார், போன வருட மாணவர்கள் எந்த மருத்துவமனையில், என்ன வேலையில் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடுங்கள்.

வேலையை விட முடியாத நிலை என்றால் சி.எம்.ஏ. (செலவு, மேலாண்மைக் கணக்காளர் படிப்பு) இருக்கிறது. பி.காம். முடித்தவர் நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். கடினமான படிப்புதான். ஆனால் நான் மேலே சொன்ன அடக்கவிலைக் கணக்கை எந்த எம்.பி.ஏ.வையும் விட ஆழமாகச் சொல்லித் தருவது அதுதான்.

சரி, இப்போதே ஒன்று செய்யுங்கள். மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, கடந்த ஆறு மாத க்ளைம்களை ஒரு எக்செல் தாளில் போடுங்கள். கேட்ட தொகை, வந்த தொகை, எத்தனை நாள், எதற்கு வெட்டினார்கள். அதிகம் வெட்டு விழும் மூன்று காரணங்கள் தானாக மேலே வந்து நிற்கும். அவற்றில் ஒன்றையாவது சேர்க்கைக்கு முன்பே உங்கள் டெஸ்க்கில் சரிசெய்து பாருங்கள். நேர்முகத் தேர்வில் “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்கும்போது அந்தத் தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.