காற்றைக் கணக்குப் பார்க்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் சார். விமானவியல் படித்த மகள், கட்டிடங்களைச் சுற்றி வீசும் காற்றை ஆராய்கிற நிறுவனத்தில் சேரப் போகிறேன் என்கிறாளே, படித்ததெல்லாம் வீணாகிவிடாதா என்று கேட்டிருந்தீர்கள். வீணாகாது சார். விமான இறக்கையைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்று படித்த அதே பாய்ம இயக்கவியல்தான் அங்கேயும் கைகொடுக்கும்.

உயரமான கட்டிடத்தில் மோதும் காற்று, சுவரோடு சரிந்து தெருவுக்கு இறங்கும். மூலையில் திரும்பும்போது இன்னும் வேகமெடுக்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் 2011-ல் பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் என்ற கோபுரத்தருகே பலத்த காற்றில் ஒரு லாரி கவிழ்ந்து, நடந்து போன ஒருவர் இறந்தே போனார். காற்றைத் தடுக்கும் அமைப்புகளை அதற்கப்புறம்தான் தெருவில் நிறுத்தினார்கள். அஸ்திவாரம் போடும் முன்பே இப்படிப்பட்ட ஆபத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் உங்கள் மகளின் வேலை.

எப்படிச் செய்வார்கள் தெரியுமா? 300-ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்தால் 90 மீட்டர் கோபுரம் 30 சென்டிமீட்டராகிவிடும். சுற்றுத் தெருக்களையும் அதே அளவில் செய்து, சுழலும் தட்டில் வைத்து, விசிறியால் காற்றை ஓடவிடும் நீண்ட கூடமான காற்றுச் சுரங்கத்துக்குள் நிறுத்துவார்கள். தெருவில் நடப்பவர் மேல் காற்று படும் ஒன்றரை மீட்டர் உயரம் அங்கே வெறும் 5 மில்லிமீட்டர். அந்த உயரத்தில் சின்னச் சின்ன உணரிகளை வைத்துக் காற்றை அளந்து, தட்டைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்பி, 36 திசையிலும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது. பிறகு பல வருட வானிலைப் பதிவோடு சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். எந்த இடத்தில் எவ்வளவு காற்று வசதியாக இருக்கும் என்று சொல்லும், பலரும் பின்பற்றும் லாசன் அளவுகோல்படி, காற்றின் வேக வரம்பு உட்காரும் இடத்தில் நொடிக்கு 4 மீட்டர், நிற்கும் இடத்தில் 6, சாவகாசமாக நடக்கும் இடத்தில் 8. 5 சதவீத நேரத்துக்கு மேல் அதைத் தாண்டக் கூடாது.

விமான நிலையப் பக்கம் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஓடுபாதையருகே பெரிய கட்டிடம் எழுந்தால், அதன் மறைவில் காற்று திடீரென்று குறையும், சுழலும். தரையிறங்கும் விமானம் ஏற்கெனவே மெதுவாக, தாழ்வாக வருகிறது. சமாளிக்க நேரமே இருக்காது. ஆஸ்திரேலிய வழிகாட்டுதலில், கட்டிட உயரத்தைப் போல 35 மடங்கு தூரம் என்றொரு கணக்கு உண்டு. ஓடுபாதையை ஒட்டிய குறிப்பிட்ட எல்லைக்குள், 20 மீட்டர் உயரக் கட்டிடம் பாதையின் நடுக்கோட்டிலிருந்து 700 மீட்டருக்குள் வந்தால் ஆய்வு தேவை. கட்டிடத்தால் காற்றின் வேகம் பாதை நெடுக 7 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்), குறுக்கே 6 நாட் என்ற அளவுக்கு மேல் மாறக் கூடாது. உங்கள் மகளின் விமானவியல் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இது சின்னத் துறை. நிறுவனங்கள் குறைவு, கட்டுமானம் படுத்தால் வேலையும் படுக்கும். முதுகலைப் படிப்பு இருந்தால் மேலே போவது சுலபம். பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் நிகழ்தகவும் நன்றாகத் தெரிந்திருக்கட்டும். காற்றோட்டத்தைக் கணினியிலேயே கணக்கிட்டால் வண்ண வண்ணமாகப் படம் வந்துவிடும். அது சரிதானா என்று சோதிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. அப்புறம், 'வாசலை இடம் மாற்றுங்கள்' என்று அறிக்கையில் எழுத வேண்டிவரும். கட்டுகிறவருக்கு அது பிடிக்காது. அதை நிதானமாக எழுதிப் புரியவைக்கிற திறமை வேண்டும்.

நேர்காணலில் அவள் இரண்டு கேள்வி கேட்கட்டும். காற்றுச் சுரங்கத்தில் அளக்கும் வேலையும் உண்டா, கணினி மட்டும்தானா? புதிதாகச் சேர்ந்தவர்களின் அறிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது யார்? இரண்டாவதற்கு அனுபவமுள்ள ஒருவரைக் காட்டினார்கள் என்றால், தைரியமாகச் சேரச் சொல்லுங்கள் சார்.