ஆட்டோ லெவலில் (உயர வித்தியாசம் அளக்கும் சர்வே கருவி) குமிழ் நடுவில் இருந்தும் ரீடிங் மாறுவது ஏன்?

பெரும்பாலும் கோளாறு கருவியில் இல்லை, ஸ்டாண்டில்தான். முக்காலியின் இரும்பு முனைகள் மண்ணில் இறங்கும்வரை மிதித்து ஊன்றுங்கள். சரிவான இடமென்றால் இரண்டு கால் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். மேல்தட்டு கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த பிறகே கருவியை மாட்டுங்கள். இல்லாவிட்டால் அடித்திருகுகள் பாதியிலேயே முடிந்துபோகும்.

அடித்திருகுகளில் இரண்டை ஒரே நேரத்தில், இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சுற்றுங்கள். இடது கட்டைவிரல் போகும் திசையில் குமிழும் போகும். மிச்சத்தை மூன்றாவது திருகு பார்த்துக்கொள்ளும். பிறகு கருவியை 180 பாகை திருப்புங்கள். குமிழ் ஓடினால் குமிழையே சரிசெய்ய வேண்டும். குமிழ் வட்டத்துக்குள் இருந்தால் மீதியைக் காம்பன்சேட்டர் (பார்வைக்கோட்டைத் தானாக மட்டமாக்கும் உள்ளமைப்பு) நேராக்கும். வெளியே போனால் அதை நம்ப முடியாது.

பலரும் தவறவிடுவது பாரலாக்ஸ், அதாவது கண் அசைந்தால் கம்பியும் நகர்வதுபோல் தெரிவது. முதலில் கண்வில்லையைச் சுற்றிக் குறுக்குக்கம்பியைக் கூர்மையாக்குங்கள் (முன்னால் வெள்ளைத்தாள் பிடித்தால் எளிது), பிறகுதான் ஸ்டாஃபுக்கு (அளவு குறித்த நீளக்கோல்) ஃபோகஸ். கண்ணை மேலும் கீழும் அசைத்தால் கம்பி ஸ்டாஃப் மீது நகரக்கூடாது.

இன்னும் சந்தேகமா? 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்து, சரியாக நடுவில் கருவியை வைத்து, இரண்டு முளை மீதும் ஸ்டாஃபை நிறுத்திப் படியுங்கள். 1.525, 1.310 மீட்டர் என்று வந்தால் உண்மையான வித்தியாசம் 0.215. பின் முதல் முளையிலிருந்து 2 மீட்டரில் வைத்துப் பாருங்கள், அங்கே 1.480 என்றால் மற்றதில் 1.265 வர வேண்டும். 1.277 வந்தால் பார்வைக்கோடு 12 மி.மீ. மேலே போகிறது. சர்வீஸ் ஆகும்வரை பேக்சைட் (பின்புள்ளி), ஃபோர்சைட் (முன்புள்ளி) தூரங்களைச் சமமாக வையுங்கள், அந்தப் பிழை தானே கழிந்துவிடும்.