நெல் களத்தில் ஒரு விளையாட்டிடம்

கேள்வி: எங்கள் ஊரில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையின் நெற்களத்தைச் சிறுவர் பூங்காவுக்காக உரிமையாளர் விட்டுக்கொடுத்துள்ளார். வயலும் ஆலையும் பிள்ளைகளுக்கு அறிமுகமாகும்படி அதை அமைக்க விரும்புகிறோம். ஒப்பந்தக்காரரோ ஃபைபர் மாடுகளை வாங்கி வைத்து, ஆலையின் பழைய இயந்திரங்களையும் நடுவில் நிறுத்தலாம் என்கிறார். அது சரியாக இருக்குமா?
- வாசகி ஒருவர், கல்லிடைக்குறிச்சி

பதில்: ஃபைபர் மாடு வேண்டாம். அதன்மேல் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட பிறகு குழந்தைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. உழவிலும் ஆலையிலும் நடந்த தூக்குதல், சுற்றுதல், சலித்தல், நீரைத் திருப்புதல் ஆகியவற்றைப் பிள்ளைகளின் கைக்குக் கொடுங்கள்.

முதலிடம் தண்ணீருக்கு. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாழும் உங்கள் ஊருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஓர் அடிபம்பும், அதிலிருந்து கிளை பிரியும் கணுக்கால் ஆழ வாய்க்காலும், பிள்ளைகளே தூக்கி இறக்கக்கூடிய சிறு பலகை மடைகளும் போதும். ஒருவன் தன் மடையைத் திறந்தால் அடுத்தவன் பாத்திக்கு நீர் குறைவதை அவர்களே கண்டுகொள்வார்கள். (மடைச் சண்டை பெரியவர்களுக்கு மட்டும் உரியதா என்ன?) உங்கள் பக்கத்து விக்கிரமசிங்கபுரத்து நூற்பாலை 1880களில் பாபநாசத்து நீரின் விசையைக் கொண்டே இயங்கத் தொடங்கியது என்பதால், வாய்க்காலின் முடிவில் விரல் சிக்காதபடி மூடிய சிறு நீர்ச்சக்கரம் ஒன்றை வைப்பதும் பொருத்தமே. விளையாட்டு முடிந்ததும் நீர் முழுவதும் செடிகளுக்கு வடிந்துவிட வேண்டும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடுகிறது.

ஏற்றத்தின் மரம் ஏறியிறங்கும் பலகையாகவும், செக்கின் நுகத்தடி பிள்ளைகள் தள்ளிச் சுற்றும் ராட்டினமாகவும் எளிதில் மாறும். ஆலை எலிவேட்டரைப் போல, கைப்பிடியைச் சுற்றினால் சிறு வாளிகள் மணலை மேலே கொண்டுபோய்ச் சல்லடையில் கொட்டும் அமைப்பை உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யலாம். சங்கிலியும் பல்சக்கரமும் மூடியே இருக்கவேண்டும்.

பழைய இயந்திரங்களைப் பிள்ளைகள் தொடும் இடத்தில் வைக்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில்கூட ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது; அதற்கு முன் அடித்த பூச்சு உதிர்ந்தால் அந்தத் தூள் கைவழியே வாய்க்குப் போகும். சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடிப்பதும் தூளைப் பரப்பவே செய்யும். கம்பி வேலிக்குப் பின்னால் நின்று அவை வேடிக்கை காட்டட்டும்.

களத்தின் சிமென்டுத் தரை ஓட்டத்துக்கும் பாண்டியாட்டத்துக்கும் மிக நன்று, ஆனால் அதன்மேல் ஏறி விளையாடும் எதையும் நிறுத்தக்கூடாது. அவை நிற்கவேண்டிய பகுதியை மட்டும் உடைத்து, கழுவிய உருண்டை மணலை 30 செ.மீ. ஆழத்துக்கு நிரப்புங்கள், எம்-சாண்ட் இறுகிவிடும். 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளியில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதால், கம்பிகளையும் படிகளையும் அளந்து பார்த்தே ஏற்றுக்கொள்ளுங்கள். தகரச் சறுக்கு நம் வெயிலில் தொடையைச் சுட்டுவிடும். புங்கை வளரும்வரை மேலே கீற்றுப் பந்தல் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பு, நெல் ஊறவைத்த தொட்டிகளைக் கவனியுங்கள். மழைநீர் நிறைந்தால் அவற்றில் ஒரு குழந்தை மூழ்கிவிடும். அடியில் துளையிட்டு, பாதிவரை செங்கல் உடைசல் போட்டு, மேலே மணல் நிரப்பினால் சிறு குழந்தைகளுக்கான மணல்குழி தனியாகச் செலவின்றிக் கிடைத்துவிடும்.