புரொஜெக்டர் பெல்ட்: கேள்வி பதில்

ஈரோடு: அப்பாவுடைய 16 எம்.எம். புரொஜெக்டரில் பழைய பெல்ட் தார் மாதிரி உருகிக் கிடக்கிறது. மேலேயே புதுசு மாட்டலாமா?

கூடாது. பழைய பாலியூரித்தேன் பெல்ட் பலதும் இப்படித்தான் பிசினாகிவிடும். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியில் அது துளி மிச்சமிருந்தாலும் புது பெல்ட் திக்கித் திக்கி ஓடும். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். மரக்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் புல்லியின் காடி (பெல்ட் உட்காரும் பள்ளம்) அடிவரை துடையுங்கள்.

மதுரை: பெல்ட் அளவு?

பழைய பெல்ட்டை அளக்காதீர்கள், அது நீண்டிருக்கும். புல்லிகளைச் சுற்றி நூல் போட்டு அளங்கள். ரப்பர் என்றால் 5 சதவீதம் போலக் குறைத்து வாங்குங்கள்.

திருச்சி: அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின். புது பெல்ட் போட்டும் பாட்டு இழுக்கிறது, பெண் குரல் ஆண் குரலாகக் கேட்கிறது.

பெல்ட் மேல் தப்பில்லை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 சுற்று; நமக்கு 50. கார்பன் பிரஷ் இல்லாத இண்டக்ஷன் மோட்டார் அதற்கேற்ப மெதுவாகச் சுற்றும். நொடிக்கு 24 பிரேம் ஓட வேண்டிய படம் 20தான் ஓடும். சில மெஷின்களில் மோட்டார் புல்லியிலேயே இரண்டு காடி வைத்திருப்பார்கள். பெல்ட்டைப் பெரிய காடிக்கு மாற்றிப் பாருங்கள்.

கோவை: ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் போட்டாலே சரியாகிவிடுமே!

ஆகாது. அது 230 வோல்ட்டை 115 ஆக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் என்றால் இந்தப் பிரச்சினையே வராது.

கோவை, மறுபடியும்: பெல்ட்டை இறுக்கினால் வேகம் கூடுமல்லவா?

கூடாது, பேரிங்தான் தேயும். வேகம் புல்லியின் விட்டத்தில் இருக்கிறது. ஒரே காடி என்றால் 1.2 மடங்கு பெரிதாக லேத்தில் கடைந்து வாங்குங்கள்: பெல்ட் உட்காரும் இடத்தில் 20 மி.மீ. இருந்தால் 24. பிறகு பெல்ட் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

சேலம்: டேக்-அப் பக்கம் (ஓடிய பிலிமைச் சுற்றிக்கொள்ளும் பக்கம்) ஸ்பிரிங் பெல்ட் வழுக்குகிறது. குங்கிலியப் பொடி தூவலாமா?

தூவாதீர்கள். சுருள் பெருக்கப் பெருக்க மெதுவாகச் சுற்ற வேண்டும். கிளட்ச் இல்லாத மெஷினில் அதற்கு இடம் கொடுப்பதே அந்த வழுக்கல்தான். அதைப் பிடித்து நிறுத்தினால் பிலிமின் ஓட்டைகள் கிழியும். பிலிமே சுற்றாத அளவுக்கு வழுக்கினால் எண்ணெய் பட்டிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுத் துடையுங்கள்.

யாழ்ப்பாணம்: ரப்பர் பேண்ட் போடலாமா?

வேண்டாம்.

தஞ்சாவூர்: சைக்கிள் ட்யூபை வெட்டிப் போட்டால்?

அதுவும் வேண்டாம். அகலம் ஒரே சீராக வராது, பாட்டு அலைபாயும்.

வேலூர்: பெல் அண்ட் ஹோவெல் 16 எம்.எம்., கரகர சத்தம். எந்த பெல்ட்?

பெல்ட் இல்லை. அதன் பிளாஸ்டிக் வார்ம் கியர் (திருகு மாதிரிப் பல் வைத்த கியர்) விரிசல் விடுவது உலகமறிந்த கதை. ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கியர் மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நாகர்கோவில்: பெல்ட் மாட்டியாச்சு. கல்யாணப் படத்தைப் போடலாமா?

பொறுங்கள். பிளக் கழற்றியபடியே கைப்பிடியால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது. அடுத்து பிலிம் இல்லாமல் பத்து நிமிடம், அதன் பிறகு வேண்டாத பிலிம் ஒரு சுருள். ஓடி முடிந்ததும் அதன் ஓட்டைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஓரம் நசுங்காமல் இருந்தால் கல்யாணப் படத்தைப் போடலாம்.