எபிடாரஸில் தியேட்டரைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

கேட்டிருப்பது இதுதான்: கிரீஸில் நாஃப்பிலியோவில் தங்கப் போகிறோம், எபிடாரஸுக்கு அரை நாள் போதுமா, அந்தப் பழங்காலத்துக் கல் நாடகத் தியேட்டரைத் தவிர அங்கே பார்க்க ஏதாவது உண்டா?

அரை நாள் தாராளம். ஆனால் தியேட்டரிலேயே அதைக் கரைத்துவிடாதீர்கள். முதல் தடவை நான் செய்த தப்பு அதுதான். உச்சிப் படிவரை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, மியூசியத்துக்கு வருவதற்குள் வெயிலில் நாக்கு தள்ளிவிட்டது.

தியேட்டர் பிரமாதம், மறுக்கவில்லை. முதலில் 34 வரிசை, பிற்பாடு மேலே இன்னும் 21. நடுவில் நின்று கிசுகிசுத்தால் கடைசிப் படியில் கேட்கும் என்பார்கள். 2017இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். காசு விழுந்தால் மேலே ஏதோ சத்தம் கேட்கும், கிசுகிசுப்பது முன்வரிசைகளைத் தாண்டினால் புரியாது என்று முடிவு. கைடுகளிடம் இதைச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

அங்கே ஜனம் முதலில் வந்தது நாடகம் பார்க்க இல்லை, நோய் தீர. அது வைத்தியக் கடவுள் அஸ்க்லேபியஸின் தலம். வந்தவர்கள் உடம்பைச் சுத்தம் செய்துகொண்டு, பலி கொடுத்துவிட்டு, ராத்திரி அபாட்டன் என்ற நீண்ட மண்டபத்தில் படுப்பார்கள். கடவுள் கனவில் வந்து குணமாக்குவார். மண்டபத்தின் ஒரு பகுதியைத் தூண்களோடு திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள்.

குணமானவர்களின் கதைகளைக் கோவில்காரர்கள் கல்லில் வெட்டி வைத்தார்கள். சுமார் 70 கதைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கற்பலகைகள் மியூசியத்தின் முதல் அறையிலேயே இருக்கின்றன. பார்க்கப் பொடி எழுத்து நிறைந்த சாதாரணக் கல், ஆட்கள் நிற்காமல் போகிறார்கள். போகும் முன் மொழிபெயர்ப்பைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஒரு கதையில், ஏதென்ஸிலிருந்து ஒற்றைக்கண் அம்ப்ரோசியா வருகிறாள். நொண்டியும் குருடும் கனவு கண்டே குணமானார்களாமா என்று சிரிக்கிறாள். கடவுள் கனவில் வந்து, கண்ணைத் தருகிறேன், உன் அறியாமைக்கு ஞாபகமாக ஒரு வெள்ளிப் பன்றி வைக்க வேண்டும் என்கிறார். இன்னொன்றில், தாசோஸ் தீவின் குருடன் ஹெர்மோன் பார்வை வந்ததும் காணிக்கை கட்டாமல் நழுவுகிறான். மறுபடி குருடாகி, திரும்பி வந்து படுத்த பிறகுதான் பார்வை நிலைக்கிறது. வசூல் நோக்கம் பளிச்சென்று தெரிகிறது, இல்லையா?

எனக்குப் பிடித்தது யூஃபனேஸ் என்ற பையன். கல்லடைப்பு. குணமாக்கினால் என்ன தருவாய் என்று கடவுள் கேட்கிறார். 'பத்துக் காய்' என்கிறான். ஆட்டுக் கணுக்கால் எலும்பால் ஆன காய்கள், அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டு மாதிரி. கடவுள் சிரித்துவிட்டுச் சரி என்கிறார். பையன் காலையில் குணமாகி வெளியே வருகிறான்.

அதே மியூசியத்தில் ஒரு கொரிந்தியத் தூண் தலைப்பு, அதாவது தூணின் உச்சியில் வைக்கும் இலை வேலைப்பாட்டுக் கல், இருக்கும். கட்டடத்தில் ஏறாமல் மண்ணுக்குள் கிடந்ததால் இலைகள் நேற்றுச் செதுக்கியது போல் இருக்கின்றன. தோலோஸ் என்ற வட்டக் கட்டடத்துக்கான மாதிரி அது என்கிறார்கள். அந்தத் தோலோஸின் அடியில் வட்டத்துக்குள் வட்டமாகச் சுவர்கள், சின்னப் புதிர்ப்பாதை. எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

கோவில் எல்லைக்குள் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அன்டோனினஸ் என்ற ரோமானியர் தனியாக ஒரு கட்டடம் கட்டித் தரும்வரை, பிரசவ வலி எடுத்தவளும் சாகக் கிடந்தவனும் வெட்டவெளியில்தான் என்று அந்தக் காலத்தில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசனியாஸ் எழுதியிருக்கிறார்.

அப்புறம், டாக்ஸியில் வெறுமனே எபிடாரஸ் என்று சொல்லாதீர்கள். அதே பெயரில் கடலோரத்தில் ஒரு ஊர் இருக்கிறது, அங்கேயும் ஒரு குட்டித் தியேட்டர் உண்டு. நீங்கள் போக வேண்டியது லிகூரியோ என்ற ஊர்ப் பக்கம்.