மாமியாரின் டிரங்குப் பெட்டியும் லேமினேஷன் கடையும்

கேள்வி: திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் கிராமம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டுப் பத்திரம், நிலப் பத்திரம், கோயில் நிலக் குத்தகை ரசீது, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் மாமியாரின் டிரங்குப் பெட்டிக்குள் ஒரே மஞ்சப்பையில் கிடக்கின்றன. கஜா புயலில் ஓடு பறந்து பெட்டி நனைந்துவிட்டது. தாத்தா காலத்துக் கூர்ச்சீட்டில் (பங்காளிகள் சொத்தைப் பிரித்துக்கொண்டு எழுதிய சீட்டு) இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டு பிரியவே மாட்டேன் என்கிறது. எல்லாவற்றையும் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார். மாமியாரோ பெட்டிச் சாவியைத் தர மறுக்கிறார். அடுத்த மழைக்கு முன்னால் என்ன செய்யலாம்?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: முதல் வேலையாகக் கொழுந்தனாரை லேமினேஷன் கடைப் பக்கம் போகவிடாதீர்கள். பையில் வைத்துத் திரியும் அட்டைகளுக்கு அது சரி. பத்திரத்துக்கும் மதிப்பெண் சான்றிதழுக்கும் ஆகவே ஆகாது. சூட்டில் உருகி ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் அது. பின்னால் பிரிக்க நினைத்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். தாளில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அதையும் உள்ளே வைத்து மூடியதாகிவிடும், பூஞ்சை உள்ளேயே வளரும். தவிர, பழைய பத்திரத்தைக் கையில் வாங்குகிற வக்கீலும் பேங்க்காரரும் முத்திரைத்தாளைத் தடவிப் பார்ப்பார்கள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாட்டர்மார்க் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிளாஸ்டிக்குக்குள் போய்விட்ட தாளைப் பார்த்தாலே அவர்களுக்குச் சந்தேகம் வரும். உங்கள் பிள்ளைகளும் நாளைக்கு வெளிநாடு போகலாம். அதற்குச் சான்றொப்பம் வாங்கும்போது சான்றிதழின் பின்பக்கத்தில்தான் முத்திரை குத்துவார்கள். பிளாஸ்டிக் மேல் எங்கே குத்துவது?

அடுத்து, மஞ்சப்பையில் இருக்கிற அத்தனை தாளுக்கும் ஒரே காவல் போட வேண்டாம். பாதித் தாள் தொலைந்தாலும் மறுபடி கிடைக்கக்கூடியது. பட்டாவும் சிட்டாவும் இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றும் அப்படியே. ஆதாரை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரிண்ட் எடுக்கலாம். பதிவான பத்திரத்துக்குச் சான்றிட்ட நகல் கிடைக்கும். அதற்குப் பத்திர எண், பதிவான ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்றும் தெரிய வேண்டும். இந்த மூன்றையும் இன்றைக்கே ஒரு டைரியில் எழுதுங்கள். மதிப்பெண் சான்றிதழுக்கும் நகல் உண்டு, ஆனால் போலீஸ் ஸ்டேஷன், பள்ளிக்கூடம், தேர்வுத் துறை என்று அலைய வேண்டியிருக்கும்.

நீங்கள் பயப்பட வேண்டியது திரும்பக் கிடைக்காத தாள்களுக்கு: மூலப் பத்திரம் (நகல் இருந்தாலும் கடன் கொடுக்கிற பேங்க் அசலைத்தான் கேட்கும்), பதிவு செய்யாத உயில், கூர்ச்சீட்டு, புரோநோட்டு, அப்புறம் குத்தகை ரசீது.

குத்தகை ரசீதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் பக்கத்து வீடுகளில் அதற்குத்தான் மரியாதை குறைவு. சுவரில் தொங்கும் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள், நடுவில் ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துருக்கறை. டெல்டாவில் கோயில் நிலமும் மடத்து நிலமும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி உங்கள் வீட்டார் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறியிருந்தாலும், வருஷா வருஷம் குத்தகை கட்டியதற்கு உங்கள் கையில் இருக்கிற சாட்சி அந்த மெல்லிய கார்பன் தாள்தான். இத்தனை வருஷப் பாக்கி என்று ஒருநாள் நோட்டீஸ் வந்தால் அதைத்தான் எடுத்து நீட்ட வேண்டும். கம்பியிலிருந்து கழற்றி, பசலி (நிலவரிக் கணக்கு ஆண்டு) வாரியாக அடுக்கி, பசலிக்கு ஒரு காகித உறை போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுங்கள். பேங்க் மெஷினில் வரும் வழவழப்பான ரசீதுகளுக்கும் ஜெராக்ஸ் அவசியம், அவை தானாகவே வெளுத்துவிடும்.

எங்கே வைப்பது? இதில் டெல்டாக்காரர்களுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது தண்ணீர் கீழேயிருந்து வீட்டுக்குள் ஏறியது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியபோது மேலே ஓடும் ஷீட்டும் பறந்தன. ஆகவே கட்டிலுக்கு அடியும் வேண்டாம், பரணும் வேண்டாம். வீட்டின் உள்சுவரை ஒட்டிய பீரோவில் நடுத்தட்டுக்கு மேலே வையுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவர் பக்கம் பீரோ இருந்தால் நகர்த்துங்கள். பீரோவுக்குள்ளும் தண்ணீர் புகும் என்பதால், மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்குங்கள். வாங்கப் போகும்போது பழைய பத்திரம் ஒன்றின் நீளத்தை அளந்துகொண்டு போங்கள். முத்திரைத்தாள் ஏ4 தாளைவிட நீளம், சின்ன டப்பா வாங்கினால் பழையபடி மடிக்க வேண்டியிருக்கும், பழைய மடிப்பில்தான் தாள் முதலில் கிழியும். ஒரு கையால் தூக்கிக்கொண்டு புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஓடுகிற கனம்தான் இருக்க வேண்டும். தீப்பிடிக்காத இரும்புப் பெட்டி என்று கடையில் காட்டுவார்கள். நல்ல பொருள்தான், வெள்ளத்தில் யார் தூக்குவது?

டப்பாவில் வைக்குமுன் குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பளபளப்பான மலிவு பிளாஸ்டிக் உறைகளில் ஜெராக்ஸ் மை ஒட்டிக்கொள்ளும், காகித உறையே போதும். ஈரம் உறிஞ்ச, ஷூ டப்பாவில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் இரண்டைப் போடலாம். பூச்சிக்கு, தஞ்சாவூர் சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்குச் செய்துவந்த வைத்தியமே இருக்கிறது: வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்து, சூடம் சேர்த்துத் துணியில் முடிந்து வைப்பது. முடிச்சு தாளில் படாமல் ஓரமாக இருக்கட்டும். சரஸ்வதி பூஜை மழைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. அன்றைக்கு டப்பாவைத் திறந்து முடிச்சை மாற்றிவிடுங்கள்.

எல்லாத் தாளையும் பகல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக் கணவருக்கு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்தால், எழுந்திருக்குமுன் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.

மாமியாரிடம் சாவியைக் கேட்காதீர்கள். எந்தத் தாள் எந்த நிலத்துக்கு, எந்தப் பங்காளிக்கு எந்தக் கூறு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு மத்தியானம் அவரையே திறக்கச் சொல்லி, அவர் சொல்லச் சொல்ல நீங்கள் உறை மேல் பென்சிலால் எழுதுங்கள். பீரோ சாவி அவர் இடுப்பிலேயே இருக்கட்டும், இன்னொன்று உங்களிடம். டப்பாவுக்குத் தனிப் பூட்டு வேண்டாம்.

ஒட்டிய கூர்ச்சீட்டு: கத்தி வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டாம், ஆவி காட்டவும் வேண்டாம், பழைய பேனா மை ஓடிவிடும். இரண்டு கனத்த அட்டைக்கு நடுவே வைத்து, தஞ்சாவூர் போகும்போது சரஸ்வதி மகாலில் பழந்தாள்களைச் செப்பனிடுகிறவர்களிடம் யோசனை கேளுங்கள். பதிவாகாத சீட்டு என்றால் அதற்குச் சட்டத்தில் என்ன பலம் என்று வக்கீலிடமும் கேட்டுவிடுங்கள். இனி ஏதாவது நனைந்தால் வெயிலில் போடாமல் வெள்ளைத்தாள் இடையில் வைத்து நிழலில், காற்றோட்டமாக உலர்த்துங்கள். செய்தித்தாள் வைத்தால் மை ஏறும். இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்பதால் உறையில் போட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். கஜாவுக்கு அப்புறம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊருக்கு அந்த யோசனை சரிப்படாது.